சொல்லாமல் விட்ட அலை

காற்றாகி வருபவனும், காற்று ஓய்ந்தபின் எஞ்சி நிற்பவனும், கடலுக்குக் கரை வகுத்தவனும் ஆகிய எம்பெருமான் திருவடி போற்றி.

இன்று ஆடி அமாவாசை. தந்தையை இழந்தோர் நீராடி நீர்க்கடன் செலுத்தும் புண்ணிய நாள். எண்பது கடந்த என் கைக்கு எழுதுகோல் பாரமாகிவிட்டது. ஆயினும் இதை எழுதி முடிக்காமல் அடுத்த அமாவாசையை எதிர்பார்த்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த நாள் வரும்போதெல்லாம் என் முன் விரிவது ஒரு வானிலை வரைபடம். எழுபதுகளின் நடுவில் சிட்னியில் ஒரு வானிலைக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலை பார்த்தேன். கலங்கரை விளக்கங்களும் கப்பல்களும் அனுப்பும் எண்களைப் படத்தில் உரிய இடத்தில் பொடி எழுத்தில் பதிவது என் பணி. அதைப் பார்த்து முன்னறிவிப்பாளர்கள் வரும் நாட்களின் போக்கை எழுதுவார்கள். அங்கே குளிர்காலமான அந்த ஆடியில், அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு, ஒரு குளிர்முகம் கரையோரத்தைக் கடந்தது. தென்கடலின் குளிர்காற்று வெப்பக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் முன்விளிம்பை அப்படிச் சொல்வோம். கூரைகள் பறந்தன, மரங்கள் சாய்ந்தன, தொலைபேசி ஓயவில்லை. உடன் வேலை பார்த்த இருவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவர்களுடைய முறையையும் நானே பார்த்தேன். எண்கள் எறும்புகளாகி ஊர்ந்தன. பாடல்களை மனத்துக்குள் ஓதியபடி வேலை செய்வது என் வழக்கம். அந்த இரு நாட்களில் ஓர் அடி ஓதினால் அடுத்த அடி வரவில்லை.

அப்போது ஸ்ட்ராத்ஃபீல்டில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவின் கணவரை, என் அத்தானைப் பற்றியதே இக்குறிப்பு. அவர் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைபவர். கோடு கோணினால் தாளையே கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிற மனிதர். அவ்வாண்டு தை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அவருடைய தகப்பனார் காலமானார். தந்தி கண்டு விமானமேறி, கொழும்பில் இறங்கி, ரயில் பிடித்துப் போய்ச் சேருமுன் தகனம் முடிந்துவிடும். மூத்த மகன் இங்கே இருக்க, இளையவர் கொள்ளி வைத்தார். அத்தான் அழவில்லை. தந்தியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஆடி அமாவாசையில் கடலில் தகப்பனுக்கு நீர் இறைத்து மூன்று முழுக்குப் போடுவது ஒன்றே அவருக்கு எஞ்சியிருந்தது. ஆறு மாதமாக அந்த ஒரு நாளுக்காகவே அவர் உண்டார், உறங்கினார்.

"ஏன்ரா தம்பி, நாள் முழுக்க மேகத்துக்குச் சாதகம் எழுதிறாய். அமாவாசையண்டைக்குக் கடல் என்ன செய்யுமெண்டு எனக்குச் சொல்ல மாட்டியோ?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்பார்.

"கடல் இவருக்காகக் காத்துக்கொண்டு நிக்குதாக்கும்," என்பார் அக்கா. "மாரிக்கால விறைப்பில குளிச்சுப்போட்டு வந்து படுத்தா, கொத்தமல்லி அவிக்கிறது ஆர்?"

"கீரிமலைக் கடலில குளிச்ச உடம்பப்பா இது!"

"ஓம், ஓம். அப்ப உங்களுக்கு இருபது வயசு. இடுப்பும் இருந்தது."

அமாவாசைக்கு முந்திய நாள் பிற்பகல், கரையோரத்துக்கான குளிர்கால முன்னறிவிப்பு என் மேசைக்கு வந்தது. குளிர்முகம் கடந்துவிட்டது, காற்று தணியும், வானம் தெளியும், காலையில் கடுங்குளிர் இருக்கும். கடைசியாக ஒரு வரி: தெற்கிலிருந்து வரும் பேரலைகள் மேலும் இரு நாட்கள் நீடிக்கும். அவ்வேளை தொலைபேசி ஒலித்தது. அத்தான்.

"காத்து விழுந்திடும், அத்தான். வானமும் வெளிச்சிடும்," என்றேன்.

"அப்ப கடலும் படுத்திடும்."

எங்கள் ஊர்க் கடலில் அது சரி. முருகைக்கற்கள் என்ற பவளப்பாறைகள் காவல் நிற்கும் அந்த ஆழமற்ற கரையில் காற்று விழுந்தால் கடலும் விழும். ஆனால் இங்கே திறந்த பெருங்கடல். எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை, புயல் மறைந்த பிறகு, வெயிலோடு வந்து சேரும். கப்பல்கள் அனுப்பிய அலை உயரங்களை அன்று காலை என் கையாலேயே எழுதியிருந்தேன். அதைச் சொன்னால் அவர் வாதாடுவார். வாதாட எனக்குத் தெம்பில்லை. அவருடைய ஆறு மாதத்தை ஒரு வரியால் இடித்துவிடவும் மனமில்லை.

"ஓம்," என்று ஆமோதித்தேன்.

மறுநாள் விடிந்ததும் மருப்ராக் கடற்கரைக்கு இருவரும் காரில் போனோம். காற்றே இல்லை. கடல் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. பேரலைகள் கூட்டமாக வரும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே கடல் உறங்குவதுபோல் கிடக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தது அப்படியொரு இடைவேளையில். "கொஞ்சம் பொறுங்கோ, அத்தான்," என்றேன். ஏன் என்று அவர் திரும்பிப் பார்த்தார். அலையைச் சொல்லாமல், "தண்ணி விறைக்கும்," என்றேன். "பெத்த அப்புவை நெருப்பு சுட்டது. என்னைத் தண்ணி சுட்டால் என்ன?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எள்ளோடு நீர் இறைத்தார். முதல் முழுக்கிலிருந்து நிமிரும்போது கடல் அவருக்குப் பின்னே எழுந்து நின்றது.

மூன்று அலைகள். மூன்றிலும் அவர் உருண்டதைக் கண்டேன். ஓடிப்போய்ப் பிடித்தபோது என் கால்களும் நிலைகொள்ளவில்லை. நாயோடு நடந்துவந்த ஒரு முதிய வெள்ளைக்காரர் உடையோடு இறங்கி எங்கள் இருவரையும் இழுத்துக் கரை சேர்த்தார். அத்தானின் வலத்தோள் கீழே தொங்கியது. பற்கள் அடித்துக்கொள்ள, "மூண்டு முழுக்கும் சரியடா, கடலே எண்ணித் தந்திட்டுது," என்றார். அந்த முதியவர் என்னிடம், "காலையில் வானொலியில் பெரிய அலை என்று சொன்னார்களே, கேட்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அத்தான் கண்களை மூடிக்கொண்டார். நான் அவரைத் தாங்கிக் காருக்கு நடத்திப் போனேன்.

தோள் கோணலாகவே பொருந்தியது. தலைக்கு மேல் கைகுவித்துத் தொழுத மனிதருக்கு அதன் பிறகு வலக்கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. ஒவ்வொரு காலையும் அக்காவே சட்டை மாட்டிவிட்டுத் தலைவாரிவிடுவார். அக்காவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நீர்க்கடனுக்குக் கறுப்பு எள் எங்கும் கிடைக்காமல், கிரேக்கர் கடையில் வெள்ளை எள் வாங்கிக் கொடுத்தது அவர்தான். "நான் செய்த குற்றம். பிதிரர் ஏற்கேல்லை," என்று சட்டைக்குப் பொத்தான் போடும்போது முணுமுணுப்பார்.

சில ஆண்டுகள் கழித்து, வாடகை மண்டபமொன்றில் வெள்ளிக்கிழமை வழிபாடு முடிந்து அத்தானும் நானும் நடந்து வந்தோம். எல்லோரும் உச்சிமேல் கைகூப்பியபோது அவர் மட்டும் நெஞ்சோடு கூப்பி நின்றதைப் பார்த்திருந்தேன். அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்டைக்குக் காலமை அடுப்படியில ரேடியோ சொன்னது," என்றார். "உன்ரை அக்காவுக்குக் கேக்கமுன்னம் நான்தான் நிப்பாட்டினனான்."

"அப்ப தெரிஞ்சுதான் இறங்கினியளோ?"

"முதல்நாளே எனக்குச் சந்தேகம். தெரியாமலிருக்க வேணுமெண்டுதான் உன்னட்டக் கேட்டனான். நீ ஓம் எண்டாய். அந்த ஓமைப் பிடிச்சுக்கொண்டு போனன்." பிறகு சிரித்தார். "அவளுக்குச் சொல்லாதை. எள்ளைக் குறை சொன்னா எள்ளுக்கு நோகாது. எங்களைச் சொல்லத் தொடங்கினா மூண்டு பேரும் ஒரு வீட்டில இருக்கேலாது."

நானும் சிரித்தேன். அக்கா குறை சொன்னது எள்ளை அன்று, தன்னையே என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. எனக்குக்கூட அத்தான் சிவபதம் அடைந்து நெடுநாள் சென்ற பின்புதான் உறைத்தது. அப்போதும் அக்காவிடம் சொல்லவில்லை. நாளை சொல்லலாம் என்ற சோர்விலேயே ஆண்டுகள் போயின.

அக்கா இன்று கிரவீனில் மகள் வீட்டில் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டதால் மகள்தான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறாள். இதையும் வாசிப்பாள். அக்கா, அந்த எள்ளில் குற்றமில்லை. உங்களிடமும் இல்லை. அலை வருமென்று எனக்குத் தெரியும், அத்தானுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தவர் நீங்கள் ஒருவரே. அரை நூற்றாண்டாக அந்தப் பழியைச் சுமந்தவரும் நீங்கள் ஒருவரே.

வாசிக்கும் அனைவரும் நலமுற்று வாழ்க. காற்று ஓயும் என்று சொல்கிறவர், அலை வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் அன்பு உங்கள் இல்லங்களில் நிலைக்க இறைவன் அருள்வானாக.