குறைமாதச் சட்டை

மயிலாப்பூரில் ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனாலும் அமெரிக்காவுக்கோ டில்லிக்கோ மூட்டை கட்டுகிறவர்கள் பத்மாசனியிடம்தான் வருவார்கள். வந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். "இந்தத் தொந்திக்குக் குறுக்குக் கோடு வேறயா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாடாவையே கையில் எடுப்பாள். அப்பாவுக்கு டில்லியில் உத்தியோகம் என்பதால் சிறுவயதில் அங்கே கற்றுக்கொண்ட வேலை அது. இப்போது அவள் நந்தனத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். அவளுக்குக் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று உறவுக்காரர்கள் பலவிதமாகச் சொல்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை என்பது அவளுடைய தீர்ப்பு.

சித்திரக்குளத்துக்குப் பக்கத்து ஃப்ளாட்டில் தம்பி கல்யாணராமனோடும் அவன் மனைவி மாளவிகாவோடும் இருந்தாள். தம்பியை அவள் ஒரு ஆளாகவே எண்ணியதில்லை. மாளவிகாவை எண்ணினாள், அசடு என்று. எட்டு வருஷம் மாத்திரையும் பரிகாரமுமாக அலைந்து, தொண்ணூற்றைந்தில் ஒருவழியாக மாளவிகா உண்டானபோது, "அப்பாடா, இனிமேலாவது கோயில் கோயிலாப் போய் விளக்கேத்தி எண்ணெயை வீணடிக்க மாட்டா" என்றாள் பத்மாசனி.

லண்டனிலிருந்து மாளவிகாவின் அண்ணன் ஒரு நிட்டிங் புத்தகமும் எலுமிச்சை மஞ்சளில் ஒரு கட்டு உல்லனும் அனுப்பியிருந்தான். புத்தகத்தில் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று அந்த மஞ்சளில் கவுன் போட்டுக்கொண்டு சிரித்தது. புடைத்த கை, அடுக்கடுக்காகச் சுருக்கம், முதுகில் வரிசையாகப் பட்டன்.

"படத்துல இருக்கற மாதிரியே வேணும், அக்கா" என்றாள் மாளவிகா.

பத்மாசனி புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "மல்லாக்கப் படுத்துண்டே இருக்கற குழந்தைக்கு முதுகுல பட்டனா? இதை எழுதினவ குழந்தையைக் கண்ணால பாத்ததில்லை. பொம்மைக்குப் பின்னியிருக்கா. நோக்குப் பிறக்கப்போறது மாசி மாசம். பங்குனி வெயில்ல அதுக்கு ஆட்டு மயிரைச் சுத்திவிடணுமா?"

"அவ ஆசைப்படறா. பண்ணிக் குடேன்" என்றான் கல்யாணராமன்.

"நீ பேப்பரைப் படி."

உல்லன் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. தி.நகரிலிருந்து மெல்லிய பருத்தி நூல் வந்தது. நூல் மெலிந்தால் புத்தகத்தின் கணக்கு செல்லாது. பத்மாசனி ஒரு சின்னத் துண்டு பின்னிப் பார்த்து, அதை வைத்துப் பின்னல் கண்ணிகளைக் கூட்டினாள், ஊசியை மாற்றினாள், புடைத்த கையை வெட்டினாள், சுருக்கத்தை ஒழித்தாள், பட்டனைத் தோளுக்குக் கொண்டுவந்தாள். கடைசியில் லண்டன்காரியின் கவுனில் மிஞ்சியது கழுத்து ஒன்றுதான். பஸ்ஸில் பின்னினாள். அலுவலகத்தில் பக்கத்து சீட் விஜயராகவன் மேஜையில் தலை கவிழ்த்துத் தூங்கும் மதிய வேளையில், அவனைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டே பின்னினாள்.

பூச்சூட்டலன்று அதைக் கூடத்தில் வைத்தாள். மாளவிகா விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தாள். "பனியன் மாதிரின்னா இருக்கு" என்றாள் ஆதம்பாக்கத்துச் சித்தி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "குழந்தை பூமியில விழறத்துக்கு முன்னாடி சட்டை தைக்கப்படாதுடீ. ஆகாது."

"டில்லியில கோடிப் பேர் பின்னறா சித்தி. அங்கெல்லாம் குழந்தையே பிறக்கலையா?"

மாசியில் பிறக்கவேண்டிய குழந்தை மார்கழியில் பிறந்துவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை, அடையாற்றில் ஒரு நர்ஸிங் ஹோமில். பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் உரித்த பலாச்சுளை அளவுக்குக் கிடந்தது. மூக்கில் குழாய், காலில் ஊசி.

சித்தி வந்து பார்த்தாள். பிறகு பத்மாசனியை ஒருதடவை பார்த்தாள், அவ்வளவுதான். மூடநம்பிக்கை பிடித்த முண்டம் என்று பத்மாசனி மனசுக்குள் திட்டினாள். திட்டித் தீரவில்லை. வீட்டுக்கு வந்து பருத்திச் சட்டையை எடுத்துப் பார்த்தாள். அந்தக் குழந்தையைப் போல இரண்டு பேர் அதற்குள் புகுந்துகொள்ளலாம். சட்டையை மடித்து, புடவைகளுக்கு அடியில், கை எட்டாத ஆழத்தில் திணித்தாள்.

சில நாட்களில் குழந்தையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள். உடம்புச் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். பழைய வேஷ்டித் துணியில் சுற்றிப் பஞ்சை அடைத்து வைத்திருந்தார்கள்.

"இதென்ன, மாம்பழம் பழுக்க வெச்சிருக்கேளா?" என்று நர்ஸிடம் பாய்ந்தாள் பத்மாசனி.

ஆயா தேவானை குறுக்கே வந்தாள். "யம்மா, இன்னா கத்திக்கினு கீற? இம்மாத்தூண்டு கொயந்தைக்கு எந்தக் கடையில சொக்கா விக்குது? நீ கண்டா வாங்கியாயேன்."

தி.நகர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காதுதான். பத்மாசனி நர்ஸிடம் ஒரு நாடாத் துணியைக் கொடுத்து, குழந்தையின் மார்பைச் சுற்றி அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வாங்கிக்கொண்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தன் கையில் சுற்றிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே, சதைப் பிடிப்பான இடத்தில், முடிச்சுக்கு முடிச்சு சரியாக நின்றது. குழந்தையின் கை அவள் கட்டைவிரல் பருமன். அலுவலகத்துக்கு லீவு சொன்னாள். வீட்டுக்குப் போய், அலமாரியின் மேல்தட்டில் கைவிட்டு உல்லனை இழுத்தாள்.

இந்தத் தடவை கழுத்தும் போயிற்று. குழாயோடு இருக்கிற தலை வழியாக எதையும் மாட்ட முடியாது. முன்பக்கம் முழுக்கத் திறக்கவேண்டும். பட்டன் உறுத்தும், கயிறு வைத்தாள். காலில் ஊசி இருக்கிறது; கீழே திறந்தே விட்டாள். கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போனாள். நாலு விரற்கடை பின்னியதும் தன் முன்கையில் சுற்றிப் பார்ப்பாள், இறுகினால் பிரிப்பாள். சட்டைக் கையைக் கட்டைவிரலில் மாட்டி, விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். எத்தனை அசடுகளை அளந்த கை! ஒரு குழந்தையின் உடம்பு தன் முன்கைக்குள் அடங்கிவிடும் என்று அவள் நினைத்ததே இல்லை. கண் கலங்கியது. உல்லன் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை.

மிருதுவான மல் துணிக்கு மேல் மஞ்சள் சட்டையும் குல்லாயுமாகக் குழந்தையைப் பார்த்து மாளவிகா அழுதாள். "அந்த உல்லன் நன்னா உதவித்து, இல்லையாக்கா?"

"மட்டமான உல்லன். வெள்ளைக்காரன் நன்னா ஏமாத்தியிருக்கான் உங்கண்ணாவை."

குழந்தை தேறியது. ஹம்சினி என்று பெயர் வைத்தார்கள். மாசியில் மஞ்சள் சட்டைக்குள் ஒரு கைகூட நுழையவில்லை. மாளவிகா அதைத் துவைத்து, அதே நர்ஸிங் ஹோமில் குறைமாதப் பிள்ளையோடு இருந்த முத்துலட்சுமிக்குக் கொடுத்துவிட்டாள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண்.

"கடை நிறையத் துணி இருக்கு, அவளுக்கு எதுக்கு? அதைக் கட்டத் தெரியுமா அந்த ஜடத்துக்கு?" அன்று மாலையே அடையாறு பஸ்ஸில் ஏறினாள் பத்மாசனி.

அவள் நினைத்தபடியேதான் இருந்தது. பிள்ளைக்குச் சட்டை முன்பின்னாக மாட்டியிருந்தது; திறப்பு முதுகில்.

"கண் இல்லையா நோக்கு? இது முன்பக்கம்."

"தெரியும்க்கா" என்றாள் முத்துலட்சுமி. "கயித்துக்கு நடுவுல சந்து விழுது பாத்தியளா, அது வழியா நெஞ்சுல காத்து ஏறுது. நெஞ்சுலதான சளி கட்டும்? அதான் குழாயை எடுத்த பொறவு திருப்பிப் போட்டேன். மூடுன பக்கம் நெஞ்சுக்கு இருக்கட்டும்னு."

பத்மாசனி குனிந்து பார்த்தாள். கயிறுகளுக்கு நடுவே சந்து இருக்கத்தான் இருந்தது. "பேத்தல்" என்று சொல்லிவிட்டு, முடிச்சை மட்டும் ஓரமாக நகர்த்திக் கட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஊசியை எடுத்தாள். இந்தப் புதுச் சட்டைக்கு முன்பக்கம் இரண்டு மடல். ஒன்றின்மேல் ஒன்று நெஞ்சுக்குக் குறுக்கே ஏறி, விலாவில் கட்டிக்கொள்ளும்படி. இதற்குக் கண்ணிகளை ஓரத்தில் சாய்வாகக் குறைக்கவேண்டும். இரண்டு முறை பிரித்தாள்.

மாளவிகா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "இது யாருக்குக்கா?"

"யாராவது ஒரு அசடு குறைமாசத்துல பெத்துக்காமலா போயிடும்?"

மாளவிகா சிரித்தாள். குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்து, பிரித்த நூலைச் சிக்கெடுக்க இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கையை நேரா வெச்சுக்கோ" என்றாள் பத்மாசனி. "அதுகூடத் தெரியலை."