பூனைப்பருந்துகளை எண்ணிய மூன்று மாலைகள்

பிள்ளைகளா, உங்கள் மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கோபம் ஒன்றும் இல்லை. பொறாமை. அது எப்படி வந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சிறுவாச்சூர் தாண்டி உள்ளே போனால், மக்காச்சோளக் கொல்லைகள் முடிகிற இடத்தில் ஒரு புறம்போக்கு மேடு இருக்கிறது. முழங்கால் உயரப் புல்லைத் தவிர அங்கே எதுவும் கிடையாது. மழைக்காலம் முடிகிற சமயம் பூனைப்பருந்துகள் அங்கே வரும். பனி கொட்டும் வடக்கு நாடுகளிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து, பகலெல்லாம் நம் கொல்லைகளில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுவிட்டு, பொழுது சாய்கிற நேரம் அந்தப் புல்லுக்குள் இறங்கிவிடும். மரத்தில் அடையாது, தரையில்தான் அடையும். உலகத்திலேயே குறைந்துகொண்டு வருகிற ஒரு வகையும் அவற்றோடு கலந்து வரும்.

ஒரு வருஷம் அந்த மேட்டில் மரக்கன்று நடுவதாகப் பஞ்சாயத்தில் முடிவாகியிருந்தது. நல்ல காரியம்தானே என்று நானும் நினைத்தேன். கணக்கெடுக்க வந்த கல்லூரி மேடம்தான் விளக்கினார். மரம் வளர்ந்தால் புல் போய்விடும், புல் போனால் இந்தப் பருந்துகளுக்குப் படுக்க இடமில்லை. எத்தனை அடைகின்றன என்று ஒழுங்கான கணக்கு கொடுத்தால் கன்றுகளை வேறு இடத்தில் நடுவார்கள். மூன்று மாலை எண்ண வேண்டும், உள்ளூர் ஆள் இரண்டு பேர் வேண்டும் என்றார். நான் போனேன். பத்தாவது படித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும். இன்னொருவர் உங்கள் மாமா. ஐந்தோடு நின்று ஆடு மேய்க்கப் போனவர்.

மேட்டுக்குக் கிழக்கே நான், மேற்கே அவர். புல்லில் இறங்குகிற பறவையை எண்ண வேண்டும். இறங்கியது எழும்பி வேறு இடத்தில் மறுபடி உட்கார்ந்தால் சேர்க்கக் கூடாது. முடியும் வரை பேசக் கூடாது. இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் செல்லும்.

முதல் நாள் நான் பதினான்கு எழுதியிருந்தேன். அவர் இருபத்து மூன்று என்றார். நான் நோட்டில் கோடு போடக் குனிகிற நேரத்தில் என் தலைக்கு மேலே எட்டொன்பது இறங்கியிருக்கின்றன. அவரிடம் நோட்டே இல்லை. வலது மடியில் சோளமணி. ஒன்று இறங்கினால் ஒரு மணி இடது மடிக்குப் போகும். அது எழும்பினால் மணி திரும்ப வலது மடிக்கு. கை தானாக வேலை செய்யும், கண் வானத்தை விட்டு நகராது.

"ஆட்ட பட்டியில அடைக்கிறப்ப இப்புடித்தான் மேடம். ஒண்ணு ரெண்டு வெளிய ஓடியாந்துரும்ல?" என்றார்.

மேடம் கை தட்டியே விட்டார். "அண்ணா, இத எங்க பசங்களுக்கும் சொல்லித் தரணும்!"

உங்கள் மாமா என் பக்கம் திரும்பி, "மாமா, உங்களுக்கும் ரெண்டு பிடி மணி தரட்டா?" என்று சிரித்தார்.

"எனக்கு எழுதத் தெரியும் மாப்ள" என்றேன்.

இரண்டாம் நாள் வயிறு எரிந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். அவரை விடக் குறையக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. நாய் ஒன்று புல்லுக்குள் புகுந்ததும் பாதிப் பறவைகள் எழும்பிச் சுற்றிவிட்டு மறுபடி இறங்கின. அவை பழைய பறவைகள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கோடு போட்டேன். நாற்பத்தொன்று. அவர் இருபத்து நான்கு.

மேடம் இரண்டு கணக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்படி இருந்தா எதையுமே குடுக்க முடியாதுங்கண்ணா. நாளைக்கும் ஒத்து வரலேன்னா இந்த இடத்த நான் அறிக்கையில சேர்க்கவே மாட்டேன். அடுத்த வாரம் குழி வெட்ட ஆள் வந்துரும்."

மூன்றாம் நாள் நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். விரலை மடக்கி எண்ணினேன். சாம்பலும் வெள்ளையுமாக ஓர் ஆண் பறவை, இறக்கையை அடிக்காமல் புல்லின் நுனியை உரசிக்கொண்டே என் பக்கம் வந்து, சட்டென்று திரும்பி இறங்கியது. முந்தின இரண்டு நாளும் நான் அதைப் பார்க்கவே இல்லை. இருபத்திரண்டு என்றேன். அவரும் இருபத்திரண்டு.

"அப்ப நேத்து நாப்பத்தொண்ணு?" என்று மேடம் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் உங்கள் மாமா முந்திக்கொண்டார். "மாமா உக்காந்த எடம் அப்புடி மேடம். சூரியன் நேரா கண்ணுல அடிக்கும். யாரா இருந்தாலும் தப்பும்."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எண்ணுவதில் ஜெயித்தது போதாதென்று இதிலும் நம்மை விடப் பெரிய மனுஷனாகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெயிலெல்லாம் இல்லீங்க மேடம்" என்றேன். "எழும்பி உக்காந்ததயும் தெரிஞ்சேதான் சேத்தேன். இவன விட அதிகமா இருக்கணும்னு."

மேடம் நோட்டைக் கேட்டு வாங்கினார். பிறகு என் முதல் இரண்டு நாள் கணக்கையும் பேனாவால் அடித்தார். நாய் புகுந்ததை நேரம் போட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று நாளுக்கும் உங்கள் மாமாவின் கணக்கு, கடைசி நாளுக்கு என் கணக்கு துணை, என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அது செல்லுபடியானது. கன்றுகளை ஏரிக்கரையில் கொண்டுபோய் நட்டார்கள். மேட்டில் இன்றும் புல்தான்.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உண்மையை ஒப்புக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"மூணு நாளும் அவன் கணக்குத்தானா? எந்தம்பியாச்சே!" என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாக இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அன்றுதான் முதல்முறையாகச் சாப்பாட்டை விட்டு எழுந்து வெளியே போனேன்.