மாற்றவா என்று கேட்டது, ஆம் என்றேன்

தொண்டை ஆபரேஷனுக்கு முன் என் மனைவி ஸ்டெல்லா கோயில் பாடகர் குழுவில் பாடியதெல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அது டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்ததால், இன்று காலை வீட்டு மியூசிக் சர்வருக்கு நகலெடுத்தேன்.

வருஷத்துக்கு ஒரு ஃபோல்டராக இருந்ததை ஒரே ஃபோல்டரில் கொட்டினேன்.

"இதே பெயரில் ஃபைல் உள்ளது. மாற்றவா?" என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்திவிட்டேன்.

எல்லா வருஷமும் பாட்டு ஒன்று, பாட்டு இரண்டு என்றே பெயர் வைத்திருந்தேன். வகுப்பில் இரண்டு மேரி இருந்தால் இனிஷியல் போட்டுக் கூப்பிட்ட வாத்தியார் நான்.

சர்வரில் மிஞ்சியது கடைசி வருஷப் பாட்டுகள் மட்டும். அது ஆபரேஷன் நடந்த வருஷம்; குழு பாடியது, அவள் பாடவில்லை.

பழைய டிஸ்கைக் கழற்றும்போது சத்தம் கூடியிருந்தது. மறுபடி மாட்டினால் ஓடுமா என்று தெரியவில்லை.

சமையலறையிலிருந்து அவளுடைய கரகரத்த குரல் வந்தது. "என்னங்க, ஏத்தியாச்சா? ஒண்ணு போடுங்க, கேப்போம்."

"ஏறிக்கிட்டிருக்கு ஸ்டெல்லா. வாய்க்கால் தண்ணி மாதிரி மெதுவாத்தான் வரும்."

"கடைமடைக்கு வர்றதுக்குள்ள அறுப்பே முடிஞ்சுடும் போல."

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டிஸ்கை மாட்டிப் பார்க்கட்டுமா, தொடாமல் கடைக்குக் கொண்டு போகட்டுமா? சீக்கிரம் சொன்னால் நல்லது. உள்ளே ரசம் தாளிக்கும் சத்தம் கேட்டுவிட்டது.