காலணிகளை எண்ணுகிறவர்

இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று என்று முணுமுணுத்தபடி, வரிசையில் நிற்பவர்களின் முகத்தை ஏறிட்டும் பாராமல் தரையைப் பார்த்தே நடந்து வருகிறார் தியான் சுவாங்யிங். அவர் எண்ணுவது தலைகளை அல்ல, காலணிகளை. நடுவில் ஓரிடத்தில் நின்று, "இந்தக் குதிகால் செருப்பு உள்ள வராது. ஒண்ணு மாத்துங்க, இல்ல வெளிய உக்காந்து சூரியகாந்தி விதை கொறிங்க" என்கிறார். குதிகாலின் சொந்தக்காரி ஷாங்காய்க்காரியாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

"தல பொய் சொல்லும்" என்பது அவர் கட்சி. "ஒருத்தன் குனிவான், ஒருத்தி புள்ளையத் தூக்கிப் புடிப்பா, ஒருத்தன் போட்டோ எடுக்கறேன்னு பாறைக்குப் பின்னால போயிடுவான். காலு எங்க போகும்?"

சீனாவின் குய்சோ மாகாணத்துக் கிழக்கு மூலையில் வெள்ளை நாரைக் குகை இருக்கிறது. அதன் வாசலில் நுழைவுச்சீட்டு கிழிப்பது என் வேலை. நான் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பிருந்தே அவர் இங்கே வழிகாட்டி. குட்டையான பெண்மணி, நாற்பத்தாறு வயது. குகைக்குள் எந்தப் பருவத்திலும் ஒரே குளிர் என்பதால் வெயில் கொளுத்தும் நாளிலும் பஞ்சு வைத்துத் தைத்த நீலச் சட்டையைக் கழற்றுவதில்லை. சட்டைப் பையில் கொறிப்பதற்கு, மிளகாய்த்தூளில் பிரட்டிய ஒருவகைக் கீரையின் வேர்த்துண்டுகள் இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது உயிர். வெளியூர்க்காரர்கள் மீன்வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்துவார்கள். அவர்களிடம்தான் முதலில் நீட்டுவார்.

ஆயிரத்து நூறு மீட்டர் பாதையில் முப்பத்தெட்டுக் கற்களுக்குப் பெயர் உண்டு. யானை, அரிசிக் குவியல், மணப்பெண், துறவி, குரங்கு. கல்லுக்குக் கல் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரியும். அவர் கைவிளக்கின் ஒளியைக் கல்லின்மேல் ஓட்டி, "இதோ தும்பிக்கை, இதோ காது" என்பார். கூட்டம் "அட, ஆமா" என்று வாய் பிளக்கும். குரங்கு தெரியவில்லை என்று யாராவது முனகினால், "ஓட்டலுக்குப் போயி கண்ணாடியப் பாருங்க, தெரியும்" என்பார். முப்பது பேர் சிரிப்பார்கள், முனகியவரும் சேர்ந்து.

இத்தனை கற்களையும் கோத்து ஒரு கதை சொல்வார். நாரையாக இருந்த பெண் விறகுவெட்டியை மணக்கிறாள், பிள்ளை பெறுகிறாள், கிழவியாகிக் கல்லாகிறாள். கிழவிக்கல்லைத் தாண்டினால் படகுத்துறை. அங்கிருந்து படகில் ஏறி மலையின் மறுபக்கம் வெளியேற வேண்டும். வந்த வழியே யாரும் திரும்புவதில்லை.

சென்ற ஆண்டு ஜூன் மழையில் ஒருநாள் பிற்பகல், சோங்சிங்கிலிருந்து வந்த முப்பத்தொரு பேரை அழைத்துக்கொண்டு போனார். அவர்களில் ரான் க்வாங்லூ என்ற முதியவர் ஒருவர். எழுபத்தோரு வயது, கொதிகலன் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், அதை வரிசையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் சீட்டை நீட்டும்போதே, "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். "கல்லு" என்றேன். "நெசத்தச் சொல்ற ஒரே ஆளு நீதான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

உள்ளே முதல் கல்லிலேயே தொடங்கிவிட்டாராம். "எங்கம்மா யானை? சுண்ணாம்புதான் தெரியுது." அரிசிக் குவியலில், "இதுவும் சுண்ணாம்பு." மணப்பெண் முன்னால், "பொண்ணும் சுண்ணாம்புதானா?" கூட்டம் இப்போது அவர் பக்கம் சிரிக்க ஆரம்பித்தது. "பெரியவரே, நீங்க நாப்பது வருசம் கொதிகலன்ல ஒட்டுன சுண்ணாம்பச் சுரண்டுனவரு. உங்க கண்ணுக்கு வேற என்ன தெரியும்?" என்று கேட்டுக் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார் சுவாங்யிங்.

கிழவிக்கல்லை நெருங்கியபோது விளக்குகள் அணைந்தன. வெளியே மலை சரிந்து மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டது. படகுத்துறையில் படகு இருந்தது, துறைதான் இல்லை. நிலத்தடி ஆறு அதை மூடிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

ஆளாளுக்குக் கைப்பேசி விளக்கைப் போட்டார்கள். முப்பது வெளிச்சங்கள் ஆடியதில் நிழல்கள் சுவரெல்லாம் தாவின. ஒரு பெண் வீறிட்டாள். "எல்லாத்தையும் அணைங்க!" என்று அதட்டினார் சுவாங்யிங். "அஞ்சு பேருக்கு ஒரு வெளக்கு. அதுவும் காலப் பாத்து. இடது கை ஓரக் கம்பியில. என் குரல் கேக்குற பக்கம் நடங்க."

குரல் நிற்கக்கூடாது என்பதற்காகக் கதையைச் சொன்னார். ஆனால் பாதை பின்னோக்கிப் போனது, கதையும் பின்னோக்கித்தான் போக வேண்டியிருந்தது. கிழவி குமரியானாள், பிள்ளை வயிற்றுக்குள் திரும்பியது, கல்யாணம் நின்றுபோனது. வீறிட்ட பெண், "பரவால்லக்கா, அவ தப்பிச்சா" என்றாளாம். வழியில் ‘வாத்துக் கழுத்து’ என்று ஓர் இடம், பாதை தாழ்ந்து இறங்கி மறுபடி ஏறும். அங்கே தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

வாசலில் பகல் வெளிச்சத்துக்கு வந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சுவாங்யிங் மட்டும் தரையைப் பார்த்து நடந்தார். கடைசிவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தார்.

"பழுப்புத் துணிச்செருப்பக் காணோம். வெள்ள அடி வெச்சுத் தச்சது" என்றார் என்னிடம்.

யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மீட்புக்குழு வருகிறது, சாலையில் மண் கிடக்கிறது, ஒரு மணி நேரம் ஆகுமாம், பொறுத்திருங்கள் என்றேன். "தண்ணிகிட்டச் சொல்லு, பொறுக்கச் சொல்லி" என்று என் கைவிளக்கைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. சீட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை மறைப்பதற்கில்லை.

வாத்துக் கழுத்துக்கு அப்பால், ஒரு படிக்கட்டில், பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"முட்டி மடங்கல" என்றார்.

"வாயும் தெறக்கலயா? ஒரு சத்தம் குடுத்திருக்கலாமில்ல?"

"குடுத்தா முப்பது பேரும் நிப்பாங்க. தண்ணி நிக்குமா? அதுவுமில்லாம, நான் போடுற சத்தத்துக்கும் நீ ஒரு பேரு வெச்சிருப்ப."

சுவாங்யிங் அவர் கையைத் தன் தோளில் போட்டு எழுப்பினார். முதியவர் ஒல்லி, ஆனால் உயரம். இருவரும் வாத்துக் கழுத்தில் இறங்கியபோது தண்ணீர் சுவாங்யிங்கின் இடுப்பைத் தொட்டது. நடுவில் பெரியவர் கால் வழுக்கியது. அவரைப் பிடிக்கக் கை இரண்டும் தேவைப்பட்டன, விளக்கு தண்ணீரில் போனது. முதியவரின் கைப்பேசி முன்பே நனைந்து செத்திருந்தது.

இருட்டென்றால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கம்பியைத் தடவித் தடவி மேட்டில் ஏறினார்கள். நின்று மூச்சு வாங்கியபோது, "இப்ப எந்தக் கல்லுகிட்ட இருக்கோம்?" என்று கேட்டார் பெரியவர். குரலில் நக்கல் இல்லை.

"குரங்கு."

"எப்படித் தெரியும்?"

"கம்பியில இங்க ஒரு திருகாணி துருத்திக்கிட்டிருக்கும். பதினாறு வருசமா என் சட்டையக் கிழிக்குது."

கம்பியைப் பிடித்தபடி மறுபடி நடந்தார்கள். பிறகு சுவாங்யிங்தான் சொன்னார். "பெரியவரே, ஒண்ணு சொல்றேன். எனக்கும் அந்தக் குரங்கு தெரிஞ்சதில்ல. ஒரு நாள்கூட. வேலைக்குச் சேந்தப்ப மேலாளரு காட்டுனாரு, ஆமான்னு தலையாட்டிட்டேன். அப்புறம் கேக்க வெக்கமா இருந்திச்சு."

"யானை?"

"யானையும்தான். பொண்ணு மட்டும் ஒரு பக்கமாப் பாத்தா லேசாத் தெரியும்."

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். நாங்கள் வாசலில் நின்று உள்ளே பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தோம், பதிலில்லை. முதலில் வந்தது அந்தச் சிரிப்புதான். சுவரில் மோதி, பத்துப் பேர் சிரிப்பதுபோல் பெருகி வந்தது. யாருக்கோ புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு ஒருவர் தோளில் ஒருவராக இரண்டு சேற்று உருவங்கள் வெளிச்சத்துக்குள் வந்தன.

என் நாற்காலியில் உட்கார்த்தி முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபோது, உள்ளே நடந்ததையெல்லாம் பெரியவர் என்னிடம் கொட்டிவிட்டார். மறுநாள் ஊருக்கும் போய்விட்டார். இதை எழுதலாமா என்று சுவாங்யிங்கைக் கேட்டேன். "எழுதிக்க. கல்லு கோவிச்சுக்காது. மேலாளரு கோவிச்சுக்கிட்டா அவரையே வந்து குரங்கக் காட்டச் சொல்லு" என்றார். குகையை மறுபடி திறந்தபின் கதை பழையபடி நாரையில் தொடங்கிக் கிழவியில் முடிகிறது. கைவிளக்கு ஓடுகிறது, கூட்டம் "அட, ஆமா" என்கிறது.

அவர்கள் வெளியே வந்த அன்று மாலை, மழை விட்டும் விடாத நேரம். அலுவலகத்திலிருந்து ஒருவர் குடையோடு வந்து, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். "கையெல்லாம் சேறுங்க" என்று சுவாங்யிங் மறுத்துவிட்டார். சேற்றைக் கழுவி வெகுநேரம் ஆகியிருந்தது. அவருடைய கணவர் ஷி யோங்ஃபா வண்டி நிறுத்துமிடத்தில் அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் ஆவி பறக்க ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினார். சுவாங்யிங் வாங்கவில்லை. கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கும்படி தாடையால் காட்டினார்.

"புளிப்புச் சாறு ஊத்துனியா?"

"ஊத்தியிருக்கேன்."

இரண்டு கைகளையும் எதிரெதிர்ச் சட்டைக்கைகளுக்குள் ஆழச் செருகிக்கொண்டார். நீலத் துணி உள்ளிருந்து விடாமல் நடுங்கியது. எங்கள் பக்கம் முதுகைத் திருப்பிக் குனிந்து, கிண்ணத்தின் விளிம்பில் வாயை வைத்து உறிஞ்சத் தொடங்கினார்.