நாலு மணி என்றுதான் காட்டியது

மூன்று வாரமாக ஒரு ரோஜா மாலை என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர், கழுவிவிட்ட சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரை அப்படி நிற்க வைத்தவன் நான்.

நான் வெப்சைட் செய்து பிழைப்பவன் என்பது வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். நல்லம்பள்ளி பக்கம் எங்கள் ஊருக்கென்று இலவசமாக ஒரு வெப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். தண்ணீர் எப்போது விடுவார்கள், கரண்ட் எப்போது போகும், யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் சாவு... எல்லாம் அதில் வரும். சர்வரில் நான் ஒரு எழுத்தை மாற்றினால் போதும் — அதைத் திறந்து வைத்திருக்கும் எல்லா போனிலும் அந்த நொடியே தானாக மாறிவிடும். மேலே ஒரு பச்சைப் புள்ளி எரியும். சர்வரோடு தொடர்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

"இனிமே யாரும் யாருக்கும் போன் போட வேண்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வாய்க்கொழுப்பு!

எதிர்வீட்டு செல்வராஜ் அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். 'எடுப்பு மாலை 4 மணி' என்று போட்டேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் லிங்க் போனது.

பதினோரு மணிக்கு ஒரு பெரியவருக்கு உறைத்தது. "ஏப்பா, இன்னிக்கி செவ்வாக்கெழமையாச்சே? மூணுல இருந்து நாலரை ராவு காலமில்ல? ரெண்டுக்கெல்லாம் எடுத்துருங்க." சாவு வீட்டுப் பதற்றத்தில் கிழமையை யார் பார்த்தார்கள்? வெப் பக்கத்தில் நேரத்தை மாற்றினேன்.

அண்ணனின் மனைவி காவேரி அக்கா, அழுது வீங்கிய முகத்தோடு என்னைக் கூப்பிட்டார். கையில் போன்.

"தம்பி, பெங்களூர்ல முருகேசன் இருக்குதே... நேரம் மாறுனது அதுக்குத் தெரியுமா? நான் வேணா ஒரு வார்த்த சொல்லிடட்டுமா?"

முருகேசன், அண்ணனின் ஒரே தம்பி. வரப்புத் தகராறில் ஒன்பது வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நல்லது கெட்டது எதற்கும் அவர் வந்ததில்லை.

"வேண்டாங்கக்கா, இந்த நேரத்துல உங்களுக்கு எதுக்குச் சிரமம்? லிங்க் அவருக்கும் போயிருக்குது. தானா மாறிடும்" என்றேன்.

அக்கா போனைக் கீழே வைத்துவிட்டார். ஒன்பது வருடமாக வராதவர் இதற்கும் வரமாட்டார் என்று, இரண்டு மணிக்கு எடுத்துவிட்டோம்.

மூன்றேகாலுக்கு வந்தார், மாலையோடு. மண் போட்டு முடித்து எல்லோரும் குளித்துவிட்டுத் திரும்பியாயிற்று.

"எங்கண்ணன் எங்கீங்க?" "ரெண்டுக்கே எடுத்தாச்சுங்க" என்றேன். என் முகத்துக்கு நேரே போனை நீட்டினார். "நாலுன்னுதானுங்களே இருக்குது? பாருங்க, பச்சையும் எரியுது."

எரிந்தது. நாலு என்றுதான் இருந்தது.

என்ன நடந்தது என்று இரவெல்லாம் நோண்டிக் கண்டுபிடித்தேன். அவர் வேலை செய்யும் லேத் பட்டறையில் அன்று காலை கொஞ்ச நேரம் சிக்னல் இல்லை. சரியாக அப்போதுதான் நான் நேரத்தை மாற்றியிருக்கிறேன். சிக்னல் திரும்பியதும் அவர் போனில் இருந்த பக்கம் சர்வரோடு சேர்ந்துகொண்டது, பச்சைப் புள்ளியை ஏற்றிக்கொண்டது, இனி வரப்போகும் செய்திக்காகக் காத்திருந்தது. 'நான் இல்லாதபோது என்ன நடந்தது?' என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் எழுதவில்லை.

அவராவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? எப்படிக் கேட்பார்? பேச்சில்லாதவர்களுக்கு என் வெப் பக்கம் அவ்வளவு தோது — யாரிடமும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். வறட்டு கௌரவத்துக்கு நானே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறேன்.

அண்ணனைப் புதைத்த இடத்தில் மாலையைப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் போகாமலே கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன்.

"ஒம்போது வருசம்... மொகத்தையாச்சும் பாத்துருப்பேனுங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணி ஒரு போன் பண்ணியிருக்கலாம். மனசு வரல, பாருங்க."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கோழை.

புரோகிராமைத் திருத்திவிட்டேன். இப்போது தொடர்பு விட்டுத் திரும்பினால், முதல் வேலையாக நடுவில் போனதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அரை நாள் வேலை. அண்ணன் முகத்தை முருகேசனுக்கு யார் திருப்பிக் காட்டுவது?

இந்தப் பத்தியில் எழுதிவிட்டால் அவரே படித்துத் தெரிந்துகொள்வார் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் அதே புத்தி! நேற்று போனை எடுத்தேன்.

"முருகேசன், அண்ணி அன்னிக்கு உங்களுக்குப் பேசத்தான் போனை எடுத்தாங்க. வேண்டாம்னு தடுத்தது நானுங்க. என்னை மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் லேத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், எனக்கு வேண்டியதுதான்.

"அண்ணி நெம்பரு பழசேதானுங்களா?" என்று கேட்டார்.