அப்பாவின் தராசுக்கு வந்த சோதனை

பூமிக்கும் நிலவுக்கும் எடை போட்டு முத்திரை குத்தியதே என் அத்தைதான். அதுவரை இரண்டுமே எடை குறைவாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

எடையளவு அலுவலகத்தில் அவள் ஆய்வாளர். சோதனைக்கான பித்தளை எடைக்கற்களைத் துணியால்தான் எடுப்பாள். விரல் பிசுக்குக்கும் எடை உண்டாம். அவள் தெருமுனையில் தெரிந்தாலே கடைக்காரர்களின் முதுகு நிமிர்ந்துவிடும்.

அன்று அப்பாவின் மளிகைக்கடை முறை. வெறுந்தராசிலேயே சரக்குத் தட்டு தாழ்ந்து நின்றது. அப்படியென்றால் வாங்குகிறவருக்கு எடை குறையும். அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

“அக்கா, கடையை மூடிடாதக்கா. நான் உன் தம்பி!”

“தராசுக்கு ஏதுடா அக்கா தம்பி?”

நோட்டைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் பபிள்கம். சொந்தத் தம்பிக்காவது விட்டுக்கொடுப்பாளா என்று பார்க்க நான் ஒட்டியது. இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முகத்தை மட்டும் அப்பாவியாக வைத்துக்கொண்டேன்.

அத்தை பபிள்கம்மை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“பல்லு பதிஞ்சிருக்கு. முன்பல் ரெண்டுக்கும் நடுவுல நல்ல சந்து.” என் பக்கம் திரும்பினாள். “எங்க தங்கம், அத்தைக்கு ஒரு தடவ சிரிச்சுக் காட்டு!”