மொட்டைமாடி டைல்ஸ்

ஜாஸ்மின் வீட்டு மொட்டைமாடியைச் செண்பகம் சுத்தமாகத் துடைத்துவிட்டாள் என்ற செய்தி செண்பகத்துக்கே கம்பெனி பஸ்ஸில்தான் கிடைத்தது. பக்கத்து சீட்டு ஹலீமா பீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"கோச்சிக்காதே செண்பகம். காதுல வுழுந்ததைச் சொல்றேன். அந்த வூட்டு டைல்ஸெல்லாம் உன் செவுத்துல இருக்காமே?"

"யாரு சொன்னது?"

"என் தம்பி பொண்டாட்டிகிட்ட தையக்கடையில சொன்னாங்களாம். தையக்கடைக்கு யாரு சொன்னாங்களோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

"இருக்குதுதான். அவ குடுத்தா, நான் ஒட்டினேன்."

"குடுத்தான்னு யாரும் சொல்லலியே. எடுத்துட்டான்னுல்ல சொல்றாங்க!"

செண்பகத்துக்கு உச்சி கொதித்தது. பஸ் ஆம்பூர் போய்ச் சேருவதற்குள் அவள் வாயைத் திறந்திருந்தால் டிரைவரே வண்டியை ஓரங்கட்டியிருப்பார்.

ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் வேலை அவளுக்கு. வருகிற நாற்பதாவது பிறந்தநாளையும் தாண்டி அங்கேதான் நிற்கப்போகிறோம் என்பதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. புருஷன் ரத்தினசாமி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். சத்துவாச்சாரியில் அவர்கள் இருப்பது வாடகை வீடு. எதிர்மனை ஜாஸ்மினுடையது. ஜாஸ்மின் மஸ்கட்டில் நர்ஸ். அங்கே இருந்தபடியே இங்கே வீடு கட்டினாள். மேற்பார்வை என்ற பெயரில் அவள் தம்பி பிரேம்நாத் பைக்கில் வருவான், நாலு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்புவான், போய்விடுவான். பூசின சுவருக்குத் தண்ணீர் அடிக்க வேண்டுமே? கம்பெனி பஸ் வருவதற்கு முன்னாலும், வேலை முடிந்து இறங்கிய பின்னாலும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றவள் செண்பகம்தான். வெயில் காலத்தில் சுவர் ஒரு கீறல் விடவில்லை என்றால் அதற்கு யார் காரணம்? போட்டோவா?

வீட்டுப் பிரதிஷ்டைக்கு வந்த ஜாஸ்மின், ஜெபம் முடிந்து எல்லோரும் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தபோது செண்பகத்தை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சமையலறைச் சுவருக்கு வாங்கியதில் மிஞ்சிய டைல்ஸ், நீலப் பூப்போட்டவை, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்தன. வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், நாளைக்கு ஒன்று உடைந்தால் வேண்டும் என்று மூடி வைப்பார்கள். பிறகு அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்ப்பது தேள் மட்டும்தான்.

"எடுத்துக்கோங்கக்கா. உங்க கிச்சனுக்கு அழகா இருக்கும். நீங்க செஞ்சதுக்கு நான் வேற இன்னா குடுக்கப் போறேன்?" என்றாள் ஜாஸ்மின். கேட்டுக்கொண்டு இருந்தது தண்ணீர்த் தொட்டி மட்டும்.

சிமெண்டில் பதித்தால் காலி பண்ணும்போது வீட்டுக்காரருக்குத்தான் போகும். அதனால் செண்பகம் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். ஆம்பூர் பஜாரில் ஷூ சாமான் விற்கும் ஷபீ அஹமது கடையில் சோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாங்கி வந்தாள். அடுப்புக்குப் பின்னால் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் துடைத்தாள். சுவரிலும் டைல்ஸ் முதுகிலும் பசையைத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, அழுத்தி, பூரிக்கட்டையில் துணி சுற்றித் தட்டினாள். மூலை உடைந்த ஒன்றிரண்டைச் சில்லாக்கி, ஆடிப்போன ஸ்டூலின் பலகைமேல் பரப்பி, இடுக்கில் வெள்ளை சிமெண்ட் பூசினாள். ஸ்டூல் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. சமையலறைக்கும் ஒரு களை வந்துவிட்டது.

ஒரே ஒரு விஷயத்தை மறந்துபோனாள். கம்பெனியில் அந்தப் பசைக்குச் சூடு காட்டித்தான் இளக வைக்கிறார்கள், தினமும் பார்க்கிறாள். அடுப்பும் சூடுதான் என்பது தோன்றவில்லை. ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் ஒரு நாள் காலை, ஒரு டைல் மெதுவாக வழுக்கிக் கொதிக்கிற புளிக்குழம்புக்குள் இறங்கியது.

"இன்னாடி, கொழம்புல டைல்ஸு போட்டா கெட்டியா வரும்னு எந்த டிவியில சொன்னான்?" என்று ரத்தினசாமி கேட்டான். கேட்டதோடு விட்டானா? ஆட்டோவில் ஏறினவர்களுக்கெல்லாம் சொன்னான். செண்பகமும் சிரித்தாள். அடுப்பை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டு, விழுந்ததைக் கழுவி மறுபடியும் ஒட்டினாள்.

அந்தச் சிரிப்புதான் வினையானது. தன் நிச்சயதார்த்தத்துக்கு அக்கா வீட்டைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தான் பிரேம்நாத். சிம்னி மாட்ட வந்தவன் டிரில் போட்டதில் சமையலறைச் சுவரில் இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டன. கடையில் அந்த டிசைன் வருவதே நின்றுவிட்டதாம். மாடிக்குப் போனான், வெறும் சாக்கு. புளிக்குழம்புக் கதை ஏற்கெனவே காதில் விழுந்திருந்ததால் எங்கே போயிற்று என்று அவனுக்குத் துப்புத் துலக்க வேண்டியிருக்கவில்லை. செண்பகத்திடம் கேட்டானா? இல்லை. தெருவிடம் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தான். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தான்.

"அக்கா, இதைப் பெருசு பண்ண வேணாம். சூடு காட்டினா கையோட வந்துடுமாமே. ரெண்டு கழட்டிக் குடுத்துடுங்க. நானும் யார்கிட்டயும் எதுவும் சொல்லல."

"சொல்லலியா? அப்ப பஸ்ஸுல எங்கிட்ட வந்து சொன்னது காத்தா?"

"எடுத்தீங்கன்னு நான் சொல்லலக்கா. காணோம்னுதான் சொன்னேன்."

"காணோம்னா இன்னா அர்த்தம் தம்பி? அதுங்களே எறங்கி நடந்து வந்துச்சா? உங்கக்கா குடுத்தா. வாயால குடுத்தா."

"அக்கா எங்கிட்ட சொல்லலியே."

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? தண்ணி அடிச்சவ நானு, நீயா?"

அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரத்தினசாமி வாசலுக்கு வந்தான்.

"குடுத்துத் தொலைடி. ரெண்டு டைல்ஸுக்குப் போய் பேஜாரு" என்றான்.

"நீ கம்முனு இரு. ஊரெல்லாம் தமாஷு பண்ணது நீதானே!" என்று அவனை அடக்கிவிட்டுப் பிரேம்நாத் பக்கம் திரும்பினாள். "தம்பி, போன வாரம் வந்து 'ஒண்ணு ஒடைஞ்சுடுச்சுக்கா, குடு'ன்னு கேட்டிருந்தா செவுத்தையே உரிச்சுத் தந்திருப்பேன். இப்ப கழட்டினா திருட்டுச் சாமானைத் திருப்பித் தந்தவளாவேன். இந்தத் தெருவுல எந்த வூட்டு சாவியை நம்பி எங்கிட்ட குடுப்பாங்க? கம்பெனியில என் பையைத் தொறந்து பாக்கச் சொல்ல மாட்டாங்களா? மொதல்ல உங்கக்கா சொல்லட்டும். அப்புறம் எல்லாத்தையும் எடுத்துனு போ."

"அக்கா டூட்டியில இருப்பா."

"இருக்கட்டும்."

செண்பகம் போனை எடுத்து ஜாஸ்மின் பெயரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி தூக்கிப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது. கூடப் பிறந்தவனைத் தெருவில் வைத்துப் பொய்யனாக்குவாளா ஜாஸ்மின்? "ஞாபகமில்லையேக்கா" என்று சொல்லிவிட்டால்?

ரிங் போய்க்கொண்டே இருந்து தானாக நின்றது.

"அதான் சொன்னேனே" என்றான் பிரேம்நாத்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். கை வலித்தது, இறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அரிசி முறத்தோடு படியிறங்கி வந்து நின்றாள். மஸ்கட்டில் போன் அடித்துக்கொண்டிருந்தது.